தும்மலை மறந்த முதலாளி

அத்தியாயம் 7

"டீச்சர், நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்! இல்லாட்டி இண்டைக்கிப் பின்னேரம் பொலிஸ்காரன் என்ட கடைக்கு வந்துருவான்!"

மாடிப்படி முழுவதும் மூச்சு வாங்க ஏறி வந்த மர்ஸூக், கதவைத் தட்டவும் மறந்து அறைக்குள் பாய்ந்தார். பதுளை பஜாரில் ஞாபக சக்திக்கு மருந்து விற்கிற ஒரே மனிதர் அவர்.

"அண்ணே, கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு மாத்திரை போட்டிருந்தா கதவு ஞாபகம் வந்திருக்குமே" என்றான் சின்னராசா.

"நீர் கொஞ்சம் வாயை மூடும். மர்ஸூக், நீங்கள் இருங்கோ" என்றார் ஞானேஸ்வரி டீச்சர்.

சின்னராசா வாயை மூடினான். அது ரொம்ப நேரம் மூடியிருக்காது என்பது அவனுக்கே தெரியும். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பதுளையில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவன். ஒரு நகைத் திருடனைத் துரத்துவதற்காக டீச்சர் அவன் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். திருடன் பிடிபட்ட பிறகும் சின்னராசா போகவில்லை. துரத்துவதில் ஒரு ருசி கண்டுவிட்டான்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் ஒரு பெண்கள் பாடசாலையில் தலை நரைக்கும்வரை விஞ்ஞானம் படிப்பித்தவர். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் சொன்ன பொய்களைக் கேட்டுக் கேட்டு, பொய்யின் ஓசை அவர் காதுக்குப் பழகிவிட்டது. ஓய்வு பெற்றதும் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்து, 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டினார். மீன் அடைத்த மாலு பணிஸ் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் மேலே ஏறி வருவார்கள்.

மர்ஸூக் கதையைச் சொன்னார். அவருடைய மருந்துக்கு 'மதிமலர்' என்று பெயர். வல்லாரையைக் காயவைத்துப் பொடித்து, பச்சைக் கேப்சூலில் அடைத்த சாமான். வயதானவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். துணிக்கடை வடிவேல் முதலாளியும் அப்படித்தான் வாங்கினார். ஆனால் சில வாரங்களாக முதலாளிக்கு மறதி தலைக்கேறிவிட்டது. கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுக்க வந்தவர்களுக்குக் கட்டில் விரிப்பை மடித்துக் கொடுத்து, 'பொண்ணுக்கு எடுப்பா இருக்கும்' என்று வாழ்த்தியும் அனுப்பியிருக்கிறார். கோயில் ஐயரைத் தையல்காரர் என்று நினைத்து, 'என் சட்டை எங்கேய்யா?' என்று பிரகாரத்திலேயே மடக்கியிருக்கிறார்.

"மகன் சுரேன் நேத்து கொழும்புல இருந்து வேனோட வந்திட்டார் டீச்சர். என்ட மருந்துதான் அவங்க வாப்பாட மூளையக் கரைச்சிருச்சாம். பின்னேரம் பொலிஸ்ல சொல்லப் போறாராம். நாளைக்கி முதலாளிய கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறாராம். கடையை வேற யாருக்கோ குடுக்கவும் பேசியாச்சு!"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. உங்கட மருந்து வேலை செய்யுமோ?"

"செய்யும் டீச்சர்! வாங்கினவங்க திரும்பத் திரும்ப வாறாங்களே!"

"ஏற்கெனவே வாங்குனதை மறந்துட்டு வர்றாங்களோ என்னமோ" என்றான் சின்னராசா.

'பரிமளம் டெக்ஸ்டைல்ஸ்' பஜாரின் நடுவில் இருந்தது. கலியாணமான புதிதில் மனைவியின் பெயரில் வடிவேல் திறந்த கடை. டீச்சரும் சின்னராசாவும் போனபோது முதலாளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, எதிரே பெரிய தண்ணீர்ப் போத்தல். ஒரு மடக்கு குடித்து, நாக்கால் உதட்டைத் தடவி, மறுபடியும் குடித்தார்.

"வாங்க டீச்சர். என்ன பார்க்கிறீங்க, புடைவையா?"

"சும்மா சுகம் விசாரிச்சுப் போவம் எண்டு வந்தனாங்கள்."

"சுகந்தான்" என்றவர் சின்னராசாவை உற்றுப் பார்த்தார். நாளும் பொழுதும் அவர் கடைக்குத் துணிமூட்டை ஏற்றி இறக்குகிறவன் அவன். "இந்தத் தம்பி யாரு?"

சின்னராசாவுக்கு ஒரு பகிடி நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டான்.

"நான் சின்னராசா முதலாளி. ஆட்டோ."

முதலாளியின் முகம் சுருங்கியது. பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "தெரியும்ப்பா. முகம் தெரியுது, பேருதான் பிடிபடல. தலைக்குள்ள பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருக்கு. கணக்கு மறந்தாப் பரவாயில்ல. ஒரு நாள் காலைல எந்திரிச்சு, பக்கத்துல படுத்திருக்கிறவளைப் பார்த்து நீ யாருன்னு கேட்டுருவேனோன்னு... அதான் மகன் கூப்பிட்டதும் போறேன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீர் குடித்தார்.

"கேப்சூலை ஒழுங்காப் போடுறனீங்களோ?" என்று டீச்சர் கேட்டார்.

"அதெல்லாம் பரிமளத்தோட பொறுப்பு. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு கையில வச்சுத் தருவா. ஆரம்பத்துல ராத்திரிக்கு மட்டுந்தான் இருந்துச்சு. மறதி கூடினதும் அவளாக் கூட்டிட்டா."

"வேற மருந்துகள்?"

"இங்கிலீஷ் மருந்தா? என் வாய்க்குள்ள ஒரு பொட்டுப் போனதில்ல!" அந்த ஒரு விஷயத்தில் மட்டும் முதலாளியின் ஞாபகம் பளிச்சென்று இருந்தது. "எங்கப்பா தொட்டதில்ல, நானும் தொட மாட்டேன்."

வெளியே வந்ததும் டீச்சர் நடைபாதையிலேயே நின்று யோசித்தார். சின்னராசா எதிர் சலூனில் தலை சீவிக்கொண்டு திரும்பி வந்தான்.

"சலூன்காரர் ஒரு பொலம்பல் டீச்சர். வெள்ளன கடையைத் திறக்கவே முடியலையாம்."

"அவருக்கு என்ன வருத்தமாம்?"

"அவருக்கு ஒண்ணுமில்லைங்க. முதலாளி விடிஞ்சதும் வீட்டு மாடியில நின்னு வரிசையாத் தும்முவாரில்ல? இந்த பஜாருக்கே அதுதான் அலாரம். அந்தச் சத்தத்துல கோழி கூவ மறந்துரும். இப்ப கொஞ்ச நாளாத் தும்மலே இல்லையாம், சலூன்காரர் தூங்கிப் போயிடுறாராம். பாருங்க, மனுசன் தும்முறதைக்கூட மறந்துட்டாரு!"

சின்னராசா தன் பகிடிக்குத் தானே சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை.

"திருப்பிச் சொல்லும்."

"மனுசன் தும்முறதைக்கூட..."

"அதுதான்! ஆட்டோவை எடும். மர்ஸூக்கிட மருந்தை நீண்ட காலமாப் போடுற வேற ஆராவது ஒரு ஆளை நான் பார்க்க வேணும். தும்முற ஆளாப் பார்த்து வேணும்."

சின்னராசா பல வாடிக்கையாளர்களை ஏற்றியிருக்கிறான். தும்முகிற ஆளிடம் கொண்டுபோய் விடு என்று கேட்டவர் இவர்தான் முதல்.

வழியில் மர்ஸூக்கின் கடையில் நிறுத்திக் கேட்டதும், அவர் யோசித்து ஒரு பெயர் சொன்னார். தெமோதரையில் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் சிதம்பரநாதன். மதிமலருக்கு அவர்தான் முதல் வாடிக்கையாளர்.

ஹாலி எல கடந்து ஆட்டோ தெமோதரைக்கு ஏறியது. வழி நெடுகச் சின்னராசா ஓயவில்லை.

"டீச்சர், இதுல என்ன துப்பு? மகன் கொழும்புல இருந்து வர்றாரு. கடையை வேற ஆளுக்குப் பேசுறாரு. அப்பாவை வேன்ல ஏத்துறாரு. செஞ்சது மகன்தான். தோட்டத்துல ஆடு மாடுகூடச் சொல்லிரும்."

"மகன் நேற்றுத்தானே வந்தது. மறதி வந்து வாரக் கணக்காச்சு."

"தபால்ல அனுப்பியிருப்பாரு."

"மறதியையோ?"

சின்னராசா கியர் மாற்றினான். பதில் மாற்றுவதற்கு நேரம் போதவில்லை.

சிதம்பரநாதன் ரயில் பாதையைப் பார்த்த ஒரு சின்ன வீட்டில் இருந்தார். டீச்சரைக் கண்டதும் தன் யாழ்ப்பாணத்து ஊர்ப் பேச்சுக் கேட்ட சந்தோஷத்தில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில், "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டு இன்னொரு தரமும் ஊற்றினார்.

"மதிமலர் போட்ட பிறகு உங்கட ஞாபகம் எப்படி?" என்று டீச்சர் கேட்டார்.

"அருமை பிள்ளை! அருமையான மருந்து. பேர்தான் வாயில வருதில்லை."

சின்னராசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"தும்மல் இருக்கோ?"

சிதம்பரநாதன் டீச்சரை ஒரு மாதிரிப் பார்த்தார். பாதை கடக்கிற ஆட்டை இன்ஜின் டிரைவர் பார்க்கிற பார்வை அது. "தும்மல் எனக்குச் சின்ன வயசில இருந்தே கூட வாறது. ஏன் கேக்கிறியள்?"

"உங்கட பழைய ரெயில்வே கோட்டை ஒருக்காப் பார்க்கலாமோ?"

அவர் பெருமையோடு பெட்டியைத் திறந்து, கறுப்புக் கோட்டை வெளியே எடுத்து உதறினார். தூசி எழும்பியது. அடுத்த கணம் சிதம்பரநாதன் தும்மத் தொடங்கினார். பதுளைக்குப் போகிற ரயில் பெட்டி பெட்டியாக வருகிற மாதிரி, ஒன்று முடிய ஒன்று வந்தது. முற்றத்தில் படுத்திருந்த நாய் எழுந்து தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டது.

"காணும், போதும்" என்று எழுந்தார் டீச்சர். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "மதிமலர் ஒருத்தரிட தும்மலையும் நிப்பாட்டாது. வாரும் சின்னராசா, வடிவேல் வீட்டுக்குப் போவம்."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றார் சிதம்பரநாதன்.

வடிவேல் வீட்டுக் கூடத்தில் பயணப் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. முதலாளி சாய்வு நாற்காலியில் அரைத் தூக்கத்தில் கிடந்தார். சமையலறையில் பரிமளம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். பெருங்காய வாசம் வீடெல்லாம் நிறைந்திருந்தது. டீச்சர் மர்ஸூக்கையும் வரவழைத்திருந்தார். அவரைக் கண்டதும் சுரேன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"இந்த ஆளு எதுக்கு உள்ள வந்தாரு? நான் இப்ப பொலிஸுக்குத்தான் கெளம்புறேன்!"

"போங்கோ தம்பி. அதுக்கு முதல் அந்த மருந்துப் போத்தலை ஒருக்காக் காட்டுங்கோ" என்றார் டீச்சர்.

பரிமளம் சமையலறை அலமாரியிலிருந்து போத்தலைக் கொண்டுவந்தார். கொடுக்கிற கை சற்றுத் தயங்கியதைச் சின்னராசா பார்த்தான். ஆனாலும் அவன் கண் முழுக்க சுரேன் மேல்தான் இருந்தது. ஓடினால் மடக்குவதற்கு வாசலை மறித்து நின்றுகொண்டான்.

டீச்சர் ஒரு கேப்சூலை எடுத்து முகர்ந்தார். மர்ஸூக்கிடம் நீட்டினார்.

"உங்கட கடையில பெருங்காயம் விக்கிறனீங்களோ?"

"இல்லையே டீச்சர்." மர்ஸூக் முகர்ந்து பார்த்தார். கண் விரிந்தது. "அல்லாவே! என்ட மருந்துல ரசம் மணக்குதே!"

"அப்ப இந்த வீட்டுக்குள்ள இதை ஆரோ திறந்து மூடியிருக்கினம்" என்றார் டீச்சர். பிறகு சுரேனைப் பார்த்தார். "தம்பி, தன்ர மருந்தில ஒரு பிழையும் இல்லை எண்டு மர்ஸூக் சொல்லுறார். விஷம் எண்டு நீங்கள் சொல்லுறியள். ஒண்டை நீங்களே போட்டுப் பாருங்கோவன்."

சின்னராசா வாசலில் கைகளை இன்னும் அகலமாக விரித்தான். மாட்டிக்கிட்டான்டா என்று மனசுக்குள் கைதட்டினான்.

சுரேன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "போட்டா என்ன? அப்பாவுக்கு என்ன நடக்குதுன்னு எனக்கும் தெரியணும். தாங்க!" என்று கேப்சூலைப் பிடுங்கி வாய்க்குக் கொண்டுபோனான்.

"வேணாம்ப்பா!"

கரண்டியோடு ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டது பரிமளம்.

"நீ மலைப் பாதையில வண்டி ஓட்டணும்! தூக்கம் தூக்கமா வரும்!"

கேப்சூல் உருண்டு போய்ச் சாய்வு நாற்காலிக்கு அடியில் நின்றது. சின்னராசா வாசலை மறித்து விரித்திருந்த கைகளை மெதுவாக இறக்கினான். மறிக்க வேண்டிய ஆள் கையில் கரண்டி வைத்திருந்தார்.

"வல்லாரைக்குத் தூக்கம் வராது அம்மா" என்றார் டீச்சர் மெல்ல. "சளி, தும்மலுக்குப் போடுற தடிமல் மாத்திரைக்குத்தான் வரும். தும்மல் நிக்கும், வாய் காயும், தலை மந்தமாகும். ஒருக்கா நானும் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய், காலமை நேரம் அதிபருக்கு 'குட் நைட்' சொன்னனான். எனக்கே அப்படி எண்டால், இந்த வயசில இவருக்கு மூண்டு வேளையும் குடுத்தால் என்னாகும்?"

பரிமளம் கரண்டியை மேசையில் வைத்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் அழுகைதான் வந்தது. பிறகு வார்த்தைகள் வந்தன.

"தும்மல் டீச்சர்... விடிஞ்சும் விடியாததுமா அந்தத் தும்மல். எனக்கு ஒரு நாள் முழுத் தூக்கம் கெடையாது. டாக்டர்கிட்ட வாங்கன்னா வர மாட்டாரு, மாத்திரை தந்தா துப்பிருவாரு. இந்தக் கேப்சூலைன்னா நம்பிக்கையாச் சாப்பிடுறாரு. அதான் பாதிப் பொடியைக் கொட்டிட்டு, தடிமல் மாத்திரையை நுணுக்கி உள்ள வச்சேன். அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்குனோம். அப்புறந்தான் இவருக்கு மறதி வந்துச்சு. மறதிக்கு மருந்து இதுதானேன்னு, காலையிலயும் ஒண்ணு குடுத்தேன். இன்னும் மறந்தாரு. மத்தியானமும் ஒண்ணு..."

"மறதி கூடக் கூட மருந்து, மருந்து கூடக் கூட மறதி" என்றான் சின்னராசா. "செக்கு மாடுகூட இவ்வளவு சுத்தாது."

"உள்ளுக்க நீங்க வச்சதுதான் செய்யுதுன்னு தோணலையாம்மா?" சுரேன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அது தும்மலுக்குன்னுதானப்பா கடையில தந்தாங்க. மூளைக்கும் போகும்ன்னு எனக்கென்ன தெரியும்? சத்தியமா அவருக்குக் கெடுதி செய்யணும்ன்னு நெனைக்கலடா."

சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. வடிவேல் முதலாளி கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று யாருக்கும் தெரியாது. பரிமளம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"அப்போ எனக்குப் புத்தி மாறலையா?" முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"மருந்து மாறினதாத்தான் எனக்குப் படுது. டொக்டரிட்டக் காட்டி உறுதிப்படுத்துங்கோ" என்றார் டீச்சர்.

முதலாளி கண்ணை மூடித் திறந்தார். வாரக் கணக்காக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்குவது அந்த முகத்தில் தெரிந்தது. பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, என் தும்மல் ஒனக்கு இவ்வளவு தொந்தரவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கல்யாணமான புதுசுல இருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் மறந்துட்டீங்க" என்றார் பரிமளம்.

முதலில் சிரித்தவர் முதலாளி. அவர் சிரிக்கவும் பரிமளத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முதலாளி நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, சால்வையைத் தோளில் போட்டார்.

"சுரேன், நீ நாளைக்குத் தனியாக் கொழும்புக்குப் போ. கடையைக் கேட்டவங்ககிட்ட இல்லைன்னு சொல்லிரு. பரிமளம், செருப்பைப் போடு. நாம டாக்டர்கிட்ட போவோம். எங்கப்பா மேலோகத்துல இருந்து திட்டட்டும், பரவாயில்ல."

அவர்களைச் சின்னராசாதான் ஆட்டோவில் கொண்டுபோனான். டாக்டர், தடிமல் மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். தும்மலுக்கு மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்றை எழுதித் தந்தார். இனி எந்த மருந்தோடு எந்த மருந்தைக் கலப்பதென்றாலும் தன்னைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று பரிமளத்திடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். நாலைந்து நாளில் மூடுபனி விலகுகிற மாதிரி முதலாளியின் தலை தெளிந்தது. கூறைச் சேலைக்குப் பதிலாகக் கட்டில் விரிப்பு வாங்கிப்போன வீட்டுக்கு அவரே நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, நல்ல சேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.

சுரேன், மர்ஸூக்கின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கொழும்புக்குத் திரும்பினான். அடுத்த வாரம் மர்ஸூக் மறுபடியும் பேக்கரி மாடிக்கு ஏறி வந்தார். இந்தத் தடவை முகம் நிறையச் சிரிப்பு. தோளில் ஒரு பை.

"டீச்சர், என்ட மருந்து நல்ல மருந்துன்னு நீங்க நிரூபிச்சிட்டீங்க!"

"நான் நிரூபிச்சது வேற. உங்கட மருந்து ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை எண்டுதான்."

"கெடுதியும் செய்யல்லதானே?" மர்ஸூக் விடவில்லை. புத்தம் புதுப் போத்தல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இது என்ட அன்பளிப்பு. நீங்களும் போட்டுப் பாருங்க. சின்ன வயசுல நடந்ததெல்லாம் அப்படியே கண்ணுக்கு முன்னால வரும்."

டீச்சர் போத்தலைத் தொடவில்லை. போரில் மூடிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம் அது. பல காலத்துக்குப் பிறகு அவர் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார். வீடு நின்ற இடத்தில் கிணறு மட்டும் இருந்தது என்று சின்னராசாவிடம் ஒரு தடவை சொன்னார்.

"ஞாபகம் கூட்டுற மருந்து எனக்கு வேண்டாம் மர்ஸூக்" என்றார், போத்தலை மெல்ல அவர் பக்கம் தள்ளி. "கொஞ்சம் மறக்கிறதுக்கு ஏதும் இருந்தால் கொண்டு வாங்கோ."

சின்னராசா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். மர்ஸூக் நிறுத்தவில்லை. வியாபாரியின் முகம் மலர்ந்தது.

"அதுவும் இரிக்கு டீச்சர்!" என்று பைக்குள் கையை விட்டார்.